சுல்தானுக்கு எழுதிய மருத்துவ மடல்

மருத்துவம் கண்ணாலும் கையாலும் செய்யப்படும் தொழில். நோயாளியின் முகத்தை நோக்கி, நாவைப் பார்த்து, நாடியைப் பிடித்து, நோயின் வரலாற்றை அவன் வாய்மொழியாகவே கேட்டறிந்த பின்னர் மருந்து கூறுவதே உலக வழக்கு. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். இந்நான்கும் ஓரிடத்தில் ஒருங்கே கூடியிருக்கும்போதே சில நோய்கள் தீர்வதில்லை. அங்ஙனமாக, மருத்துவன் தொலைவில் இருக்க, அவனுடைய எழுத்து மட்டும் நோயாளியின் கையை வந்தடையுமாயின், அவ்வெழுத்து எத்தகையதாக இருத்தல் வேண்டும்? நாடியைத் தொட இயலாத கை, நோயை எவ்வாறு தொடும்?

இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடைகளுள் சிறந்ததொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்து நாட்டில் எழுதப்பெற்றது. எழுதியவர் ஒரு யூத மருத்துவர். பெற்றவர் ஒரு முஸ்லிம் அரசர். சமயத்தால் வேறுபட்டு, நிலையால் ஏற்றத்தாழ்வுற்று, இடத்தாலும் பிரிந்து நின்ற இருவரை ஒரு நோய் இணைத்தது. அந்த இணைப்பினின்று பிறந்த இரு மடல்கள், நோயாளிக்கும் மருத்துவனுக்கும் இடையே நிலவ வேண்டிய உறவு யாது என்பதை இன்றும் தெளிவுறுத்தி நிற்கின்றன.

மருத்துவர்

அம்மருத்துவரின் பெயர் மூசா இப்னு மைமூன். மேலை நாட்டார் அவரை மைமோனிடிஸ் என்பர். கி. பி. 1138 அளவில் ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபா நகரில் அவர் பிறந்தார். 1148ஆம் ஆண்டில் அந்நகர் அல்மொகாத் மரபினர் கையில் வீழ்ந்தது. பிற சமயத்தார்க்கு அவ்வாட்சியில் இடமில்லாது போகவே, மைமூன் குடும்பத்தார் ஊரைவிட்டு நீங்கினர். பல ஆண்டுகள் அலைந்த பின்னர் மொரொக்கோவின் ஃபெஸ் நகரில் தங்கி, 1165ஆம் ஆண்டில் கடல் கடந்து பாலஸ்தீனத்தின் அக்கர் துறைமுகத்தை அடைந்தனர். அங்கும் நிலைகொள்ளாமல் இறுதியில் எகிப்து நாட்டுப் பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில் குடியேறினர்.

குடும்பத்தின் பொருட்சுமையை இளவல் தாவீது தாங்கினார். அவர் மணிகள் விற்கும் வணிகர். தமையனோ கல்வியே பொழுதாக இருந்தார். பாலைவனத்தைக் கடந்து செங்கடற்கரையிலுள்ள அய்தாப் துறைமுகத்தை அடைந்த தாவீது, அங்கு வாங்கத்தக்க சரக்கு எதுவும் இல்லாமையால் இந்தியாவிற்குக் கப்பலேறப் போவதாகத் தமையனுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. ஃபுஸ்தாத்தின் யூதத் தொழுகைக் கூடத்துப் பழஞ்சுவடி அறையில் கிடந்த அக்கடிதம், இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. தாவீது மீளவில்லை. இந்தியப் பெருங்கடலில் அவர் மூழ்கி இறந்தார். அவருடைய கைப்பொருளோடு பிறர் ஒப்படைத்த பொருளும் கடலில் ஆழ்ந்தது. அவர் மனைவியும் சிறு பெண்ணும் தமையனின் பொறுப்பாயினர். அத்துயரம் தாளாமல் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் காய்ச்சலும் மனச்சோர்வுமாகப் படுக்கையில் கிடந்ததை மைமோனிடிஸ் பின்னாளில் நண்பர் ஒருவருக்கு எழுதினார். பிறர்க்கு மனநோய்க்கு வழிகூறப் போகும் மருத்துவர், அந்நோயை முதலில் தம் உடலிலேயே கண்டவர் என்பது கருதத்தக்கது.

அதன் பின்னரே மருத்துவத்தை அவர் பிழைப்பாகக் கொண்டார். சமயச் சட்டங்களைப் பதினான்கு பகுதிகளாகத் தொகுத்த பேரறிஞர் அவர். எனினும் அப்புலமையை விற்று உண்ண மனம் ஒப்பாது, மருத்துவத்தால் உண்டார். சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சர் அல்-ஃபாதில் அவரை ஆதரித்தார். அரண்மனை வாயில் திறந்தது.

1199ஆம் ஆண்டில், தம் நூலை மொழிபெயர்க்க முனைந்திருந்த சாமுவேல் இப்னு திப்பொன் என்பார் தம்மைக் காண வர விரும்பியபோது, மைமோனிடிஸ் தம் அன்றாட வாழ்வை விரித்து மறுமொழி எழுதினார். அதன் சாரம் இது: தாம் வாழ்வது ஃபுஸ்தாத்தில், அரசர் வாழ்வது கெய்ரோவில், இடைத்தொலைவு ஏறத்தாழ ஒன்றரை மைல். நாள்தோறும் காலையில் அரண்மனைக்குச் செல்ல வேண்டும். அங்கு எவரேனும் நோயுற்றிருந்தால் பகலெல்லாம் அங்கேயே கழியும். பசியோடு வீடு திரும்பினால், முன்கூடம் நிறைய நோயாளிகள் காத்திருப்பர். யூதரும் பிறரும், உயர்ந்தோரும் எளியோரும் அக்கூட்டத்தில் இருப்பர். அவர்களிடம் பொறுத்தருள வேண்டிச் சிறிது உண்பார். ஒரு நாளில் அவர் உண்பது அவ்வொரு வேளையே. பின் இரவு வரை மருந்துரைப்பார். களைப்பு மிகுந்து படுத்தபடியே பேசும் நிலையும் வரும். இத்தகைய மனிதரிடமே அரசரின் நோய் மடல் வடிவில் வந்து சேர்ந்தது.

நோயாளி

நோயாளி அல்-அஃப்தல், சலாஹுத்தீனின் மூத்த மைந்தர். தந்தை 1193ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமாஸ்கு நகரில் மறைந்தபோது, அந்நகரின் ஆட்சி இவர் கைக்கு வந்தது. அப்போது இவருக்கு வயது இருபத்து மூன்று இருபத்து நான்கே. எகிப்தை ஆண்ட தம்பி அல்-அஸீஸோடு பகை மூண்டது. சிறிய தந்தையாராகிய அல்-ஆதில் முதலில் நடுவர் போல் நின்று, பின்னர்த் தம்பியின் பக்கம் சேர்ந்தார். 1196ஆம் ஆண்டில் தமாஸ்கு கைநழுவியது; அல்-அஃப்தல் சல்கத் என்னும் சிறு கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1198ஆம் ஆண்டின் இறுதியில் தம்பி இறந்துபட, தம்பியின் சிறு மைந்தனுக்குத் துணையாட்சியாளராக எகிப்துக்கு அழைக்கப்பட்டார். 1200ஆம் ஆண்டில் அதையும் சிறிய தந்தையாரிடம் இழந்தார்.

பட்டமும் இழப்பும் மாறி மாறி வந்த இவ்வாழ்வில் உடல் நலிந்ததும் உள்ளம் கலங்கியதும் வியப்பன்று. மலச்சிக்கல், செரியாமை, இவற்றோடு காரணமின்றி எழும் துயர எண்ணங்கள், சாவைப் பற்றிய அச்சம் ஆகியவை அரசரின் குறைகளாகத் தெரிவிக்கப்பட்டன. 1198ஆம் ஆண்டளவில் மைமோனிடிஸ் அரபு மொழியில் விடை எழுதினார். அவ்விடையே 'உடல்நல ஒழுக்கம்' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கும் சிறுநூல்.

மருத்துவன் இல்லாதபோது

அம்மடல் நான்கு அதிகாரங்களாக அமைந்தது. எல்லார்க்கும் பொதுவான நல்லொழுக்கம் முதல் அதிகாரம். மருத்துவன் கிடைக்காதபோதும், கிடைத்தவன் தேர்ச்சியற்றவனாக இருக்கும்போதும் நோயாளி செய்யத்தக்கவை இரண்டாம் அதிகாரம். அரசரின் தனிக் குறைகளுக்கான வழி மூன்றாவது. எக்காலத்தும் எவ்விடத்தும் பயன்படும் அறிவுரைகள் நான்காவது.

இவ்வைப்புமுறையே ஒரு செய்தியைச் சொல்கிறது. அரசர் கேட்டது தம் நோய்க்கு மருந்து. மருத்துவரோ அதை மூன்றாம் இடத்தில் வைத்தார். உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிந்தாலன்றி, தொலைவிலிருந்து வரும் மருந்துச்சீட்டு வெறும் சீட்டே என்பது அவர் கருத்துப் போலும். அருகில் இருக்கும் மருத்துவன் இன்று கூறியதை நாளை வந்து மாற்றலாம். தொலைவில் இருப்பவன் அவ்வாறு செய்ய இயலாது. நாளை நோயின் நிலை மாறுமாயின், அம்மாற்றத்தைக் கண்டு தக்கது செய்ய வேண்டியவன் நோயாளியே. ஆதலின் அவனுக்குக் கட்டளை போதாது, காரணமும் வேண்டும்.

முதல் அதிகாரத்தில் ஓர் எளிய உவமை வருகிறது. மனிதன் தான் ஏறிச்செல்லும் விலங்கிற்கு அளவறிந்து தீனி வைக்கிறான்; அதற்கு நடையும் ஓய்வும் தந்து பேணுகிறான். தன் உடலுக்கோ அளவின்றி உணவை இட்டு, உழைப்பின்றி வைக்கிறான். விலங்கிற்குக் காட்டும் கவனத்தைத் தனக்கும் காட்டினால் கொடிய நோய்கள் பலவற்றினின்று தப்புவான் என்பது அதன் கருத்து. குதிரையேற்றம் பயின்ற இளவரசர்க்கு இதனினும் நன்கு விளங்கும் உவமை வேறு உண்டோ?

இரண்டாம் அதிகாரம் மேலும் துணிவானது. அரண்மனை மருத்துவர் ஒருவர், மருத்துவன் இன்றியும் வாழ வழி கூறுகிறார். அங்கு அவர் முன்னோராகிய அல்-ராஸியின் கருத்தொன்றை எடுத்தாள்கிறார். நோயின் வலிமை உடலின் வலிமையை விஞ்சி நின்றால் மருத்துவனால் பயனில்லை. உடலின் வலிமை விஞ்சி நின்றால் மருத்துவனே வேண்டுவதில்லை. இரண்டும் ஒத்து நிற்கும்போதே, துலாக்கோலின் ஒரு தட்டில் வைக்கும் சிறு எடை போல, மருத்துவன் தேவைப்படுகிறான். இக்கருத்தை ஒட்டி, எளிய நோய்களை உடலின் இயற்கைக்கே விட்டுவிடுதல் நன்று எனவும், அறியா மருத்துவன் கைப்படுவதினும் மருத்துவன் இன்றி இருத்தல் மேல் எனவும் மைமோனிடிஸ் விளக்குகிறார். தம் தொழிலின் எல்லையைத் தாமே கோடிட்டுக் காட்டும் மருத்துவரை எந்த நோயாளியும் நம்புவான்.

உள்ளமும் உடலும்

மூன்றாம் அதிகாரத்தில் அரசரின் குறைகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மலச்சிக்கலுக்குக் கடுமையான பேதி மருந்தை நாடாமல், உணவாலும் மென்மையான மருந்தாலும் குடலை இளக்கி வைக்குமாறு அறிவுரை கூறப்படுகிறது. எனினும் அவ்வதிகாரத்தின் உயிர்நிலை உள்ளத்தைப் பற்றிய பகுதியே.

உடல் வலிமையும் உரத்த குரலும் ஒளி பொருந்திய முகமும் கொண்ட ஒருவனுக்குத் திடீரென ஒரு கெட்ட செய்தி வருவதாகக் கொள்க. அந்நொடியே முகம் வெளிறும், குரல் தாழும், முதுகு கூனும், நாடி தளரும். மெலிந்து சோர்ந்த ஒருவனுக்கு நற்செய்தி வருமாயின் இதற்கு மாறாக நிகழும். உள்ளத்தின் நிலை உடலை மாற்றுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா என்கிறார் மருத்துவர். செய்தியாலேயே ஆட்சியை இழந்து செய்தியாலேயே ஆட்சியைப் பெற்ற அல்-அஃப்தலுக்கு இதன் உண்மை தெற்றென விளங்கியிருக்கும்.

அத்துயர எண்ணங்களுக்கு மருந்து யாது? மருந்துக் கடையில் அது இல்லை எனவும், அறநூல்களும் மெய்யறிவும் தரும் பயிற்சியே அதற்கு வழி எனவும் அவர் ஒளிவின்றிக் கூறுகிறார். மனிதன் கலங்குவது ஒன்று கழிந்ததைப் பற்றி. அல்லது வரப்போவதைப் பற்றி. பொருள் போயிற்றே, அன்பர் மாண்டாரே எனக் கழிந்ததற்கு வருந்துவதால் கழிந்தது மீளாது. வரப்போவதோ நிகழவும் கூடும், நிகழாமற் போகவும் கூடும். நிகழும் என்று அஞ்சுவதற்கு உள்ள இடமளவு, நிகழாது என்று நம்புவதற்கும் இடமுண்டு. ஆகவே உள்ளத்தை நம்பிக்கையின்பால் திருப்புக என்பது அவர் காட்டும் நெறி. இளவலைக் கடலுக்குக் கொடுத்து ஓராண்டு படுத்துக் கிடந்தவர் எழுதிய சொற்கள் இவை என்பதை நினைந்தால், இவற்றின் எடை கூடுகிறது.

நான்காம் அதிகாரத்தில் நகரக் காற்றைப் பற்றிய செய்தி வருகிறது. கலங்கிய நீருக்கும் தெளிந்த நீருக்கும் உள்ள வேற்றுமையே நெருங்கிய நகரின் காற்றுக்கும் திறந்த வெளியின் காற்றுக்கும் உள்ளது என்பர் அவர். நகரைவிட்டு நீங்க இயலாதவர் நகரின் ஓரத்தில், வெயிலும் காற்றும் புகும் மேல்மாடியில் வாழ்தல் நலம் எனவும், கழிப்பிடம் வாழுமிடத்தினின்று தொலைவில் இருத்தல் வேண்டும் எனவும் அங்குக் கூறப்படுகிறது. இரைப்பு நோயால் வருந்திய பெருமகன் ஒருவருக்காக எழுதிய மற்றொரு நூலிலும் அவர் இதே நெறியைக் கையாண்டார். தலைவலியின் கடுமையால் தலைப்பாகையும் அணிய மாட்டாத அந்நோயாளிக்கு, அலெக்சாந்திரியாவின் காற்றினும் கெய்ரோவின் உலர்ந்த காற்று உகந்தது என்றார். அந்நோயை வேரோடு களையும் மாய மருந்து தம்மிடம் இல்லை என்றும் மறைக்காது கூறினார்.

இரண்டாம் மடல்

1200ஆம் ஆண்டளவில் மீண்டும் ஒரு மடல் வந்தது. அரசர் தம் நோய்க்குறிகளை விரித்துரைத்து, அவற்றின் காரணங்களைக் கேட்டிருந்தார்; அருகிலிருந்த மருத்துவர்கள் கூறியவற்றையும் குறித்திருந்தார். அவர்களுள் ஒருவர் கூறியது மற்றவர்க்கு உடன்பாடில்லை. இதற்கு எழுதிய விடை 'நோய்க்குறிகளின் காரணங்கள்' எனப்படும். இதுவும் அல்-அஃப்தலுக்கே எழுதியது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அப்போது மைமோனிடிஸ் அறுபதைக் கடந்தவர், உடல் தளர்ந்தவர்.

இங்கு அவர் நடுவராக இருந்து தீர்ப்பு வழங்குவது போல எழுதுகிறார். ஒவ்வொரு மருத்துவரின் கூற்றையும் தனித்தனியே எடுத்து, ஏற்பதை ஏற்றும், மறுப்பதை மறுத்தும், இரண்டிற்கும் காரணம் காட்டியும் செல்கிறார். பின்னர் அரசரின் ஒரு நாள் எவ்வாறு கழிய வேண்டும் என்பதை நேரம் பிரித்துக் காட்டுகிறார். காலையில் குதிரை மீது மெல்லத் தொடங்கி உடல் வெப்பமுறும் வரை சவாரி, ஓய்வு, அளவான உணவு, யாழிசையைக் கேட்டவாறே பகலுறக்கம், பின் நூல் கற்றலும் நல்லோருடன் உரையாடலும், மாலையில் சிறிது மதுவும் இசையும் என அந்த நாள் அமைகிறது. பாடுவோன் குரலைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, அரசர் உறங்கியதும் நிறுத்துதல் வேண்டும் என்ற நுட்பமும் அதில் உண்டு.

மதுவும் இசையும்

இங்கேதான் இடர் எழுந்தது. மதுவை இஸ்லாம் விலக்கியுள்ளது. இத்தகைய இசையையும் சமயச் சட்டம் விரும்புவதில்லை. பிற சமயத்தவர் ஒருவர் முஸ்லிம் அரசருக்கு மதுவைப் பரிந்துரைத்தால், பகைவர் வாய்க்கு அது அவலாகும். அரசரின் அவையில் மருத்துவரின் நிலை அரசரின் தயவைப் பொறுத்தது. அரசரின் நிலையோ அன்று எவருக்கும் உறுதியாகத் தெரியாதது. ஒரு வரியை விட்டுவிட்டால் தொல்லை இல்லை. மைமோனிடிஸ் அவ்வரியை விடவில்லை. அதை மறைக்கவும் இல்லை. மடலின் இறுதியில் அதற்கு விளக்கம் எழுதினார்.

அவ்விளக்கத்தின் கருத்தைச் சுருங்கக் கூறலாம். தாம் மதுவை அருந்துமாறு ஏவவில்லை. தம் கலை அறிந்த உண்மையைத் தெரிவித்தார், அவ்வளவே. மருத்துவன் என்ற முறையில், உடலுக்குப் பயன்தருவது விலக்கப்பட்டதாயினும் விலக்கப்படாததாயினும் அதை நோயாளிக்குத் தெரிவித்தல் கடமை. தெரிந்ததை மறைப்பவன் நோயாளியை ஏமாற்றியவன் ஆவான். சமயச் சட்டம் மறுமைக்கு நன்மை தருவதைச் செய்யுமாறு கட்டளையிடும், மீறினால் தண்டிக்கும். மருத்துவமோ இம்மைக்கு நன்மை தருவதை எடுத்துரைக்கும், வற்புறுத்தாது, தண்டிக்காது. கூறக் கேட்டபின் செய்வதும் விடுவதும் நோயாளியின் உரிமை.

இதைக் கூறியவர் யார் என்பதை நினைத்தல் வேண்டும். சட்டம் அறியாத ஒருவர் சட்டத்தை ஒதுக்கிப் பேசியதன்று இது. தம் சமயத்தின் சட்டம் முழுவதையும் வகைப்படுத்தித் தொகுத்த பேரறிஞர், சட்டம் ஆளும் எல்லை இது, மருத்துவம் பேசும் எல்லை இது என வரம்பு கட்டினார். பிறருடைய சமயச் சட்டத்தைத் தாம் தளர்த்தவும் இல்லை. அதற்கு அஞ்சித் தம் கலையை ஊமையாக்கவும் இல்லை. முடிவை, அது சேர வேண்டிய இடமாகிய நோயாளியின் மனச்சான்றில் கொண்டு சேர்த்தார்.

எஞ்சி நிற்பது

மைமோனிடிஸ் 1204ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மறைந்தார். ஆட்சி இழந்த அல்-அஃப்தல், யூப்ரடீஸ் ஆற்றங்கரையிலுள்ள சமோசாட்டா என்னும் சிற்றூரைத் தமக்கெனப் பெற்று, 1225ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். மடல்களோ அவ்விருவரையும் கடந்து பயணம் செய்தன. முதல் மடலை 1244ஆம் ஆண்டில் மோசஸ் இப்னு திப்பொன் ஈபுரு மொழியில் பெயர்த்தார். இலத்தீன் மொழிக்கும் அது சென்றது; இலத்தீனில் இரண்டாம் மடல் முதல் மடலின் ஐந்தாம் அதிகாரமாகவே சேர்ந்துகொண்டது. அச்சுக்கலை தோன்றிய ஐம்பது ஆண்டுகளுக்குள் ஃபுளோரன்சு நகரில் அது அச்சேறியது. ஒரு மனிதனுக்கு எழுதிய கடிதம் ஒரு கண்டத்தார்க்குப் பாடநூலாயிற்று.

அம்மடல்களில் உள்ள மருத்துவம் முழுவதும் இன்று செல்லாது. கரும்பித்தம் முதலிய நான்கு நீர்மங்களே உடலை ஆள்கின்றன என்ற கிரேக்கக் கொள்கையை அறிவியல் கைவிட்டு நெடுநாள் ஆயிற்று. மதுவை மருந்தாகக் கூறுவதையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும் மருந்து பழமையுற்ற பின்னும் மருத்துவரின் முறை பழமையுறவில்லை. நோய்க்குக் காரணம் கூறு. மருந்துக்கும் காரணம் கூறு. உன் கலைக்கு எட்டாததை எட்டாதது என்று சொல். பயன்தருவதை எவர்க்கும் அஞ்சி மறைக்காதே. முடிவை நோயாளியிடம் விடு. இவ்வைந்தும் அம்மடல்களின் சாரம்.

மைமோனிடிஸுக்கு ஆணையிடும் ஆற்றல் இல்லை. தொலைவு ஒரு தடை. அரசரின் நிலை மற்றொரு தடை. சமய வேற்றுமை மூன்றாவது தடை. கட்டளையிட இயலாத நிலையே அவரை விளக்கம் கூறுபவராக ஆக்கியது. அருகில் நின்றிருந்தால் ஒரு குவளை மருந்தை நீட்டிக் குடிக்கச் சொல்லியிருக்கலாம். தொலைவில் இருந்தமையால் அறிவை நீட்டினார். பெற்றவர் அதனால் வெறும் நோயாளியாக மட்டும் நில்லாது, தம் உடலைத் தாமே பேணும் உழையாளாகவும் ஆனார். இன்று தொலைபேசியிலும் திரையிலும் மருத்துவர் நோயாளியோடு பேசுகின்றார். ஒன்றரை மைல் தொலைவும் ஓராயிரம் மைல் தொலைவும் ஒன்றாகிவிட்டன. ஆயினும் ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்திருக்கும்போதும், காரணம் கூறப்படாத மருந்துக்கும் அதைக் குடிப்பவனுக்கும் இடையே தொலைவு இருக்கவே செய்கிறது. அத்தொலைவைக் கடக்கும் வழியைத் தளர்ந்த கையொன்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக் காட்டியுள்ளது.